செல்லப்பிள்ளைக்கு 17 குறிப்பு, மற்றவளுக்கு ஒரு 'ஓகே'

வெள்ளவத்தைக்காரி:
ஆசிரியரின் பாரபட்சம் பிள்ளையின் பெறுபேற்றைத் தொடாது என்று சொன்னீர்களே, கணக்குப்பிள்ளை அண்ணா. என் தங்கச்சி கொழும்பில் ஒரு பிரைவேட் கம்பஸில் இந்த வருடம்தான் முடித்தாள். ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயத்தை அவளும் தோழியும் ஒரே நாளில் ஒரே மேற்பார்வையாளருக்கு அனுப்பினார்கள். தோழியின் கோப்பு ஓரமெல்லாம் குறிப்போடு திரும்பி வந்தது. எண்ணிப் பார்த்தோம், 17. தங்கச்சிக்கு வந்தது ஒரே சொல்: "ஓகே". தோழி அவருடைய செல்லப்பிள்ளை, அவர் நடத்தும் கருத்தரங்குக்கெல்லாம் முன்னுக்கு நின்று ஓடித் திரிகிறவள். கடைசியில் அவளுக்கு ஏ, இவளுக்கு சி பிளஸ். பாரபட்சம் பெறுபேற்றைத் தொடாது என்று இனியும் சொல்வீர்களா?

கணக்குப்பிள்ளை:
நான் படித்தது லண்டன் பல்கலைக்கழக வெளிவாரிப் பட்டம். இங்கே எழுதிய தாளை அங்கே திருத்தினார்கள், சுட்டெண்ணைத் தவிர என்னைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதில் பிடித்தவன், பிடிக்காதவன் எங்கே வந்தது? "ஓகே" வந்தால் திரும்பக் கேட்க வேண்டியதுதானே. வாயுள்ள பிள்ளை பிழைக்கும்.

வெள்ளவத்தைக்காரி:
பரீட்சைக்குச் சுட்டெண் சரி அண்ணா. நேரில் கேள்வி கேட்கிற வைவாவுக்கு முகத்தை மூடிக்கொண்டா போவது?

ஹட்டன் ரயில்:
எனக்கும் வாய் இருக்கிறது, ஏ.எல். வரை தமிழில் படித்த வாய். சேர் இன்டர்நேஷனல் ஸ்கூல் பிள்ளைகளோடு ஆங்கிலத்தில் பகிடி விட்டுச் சிரிப்பார். நான் கேள்வி கேட்டால் மணிக்கூட்டைப் பார்ப்பார். மூன்றாவது தடவைக்குப் பிறகு கேட்பதை விட்டுவிட்டேன், பின்வரிசை வாங்குக்கும் போய்விட்டேன். புள்ளி இறங்கியது. அரசின் வட்டியில்லாக் கடனில் படிக்கிறவன், முறைப்பாடு அது இது என்று இழுபட எனக்குத் தெம்பில்லை.

கணக்குப்பிள்ளை:
அது ஆங்கிலப் பிரச்சினை, தம்பி. அதோடு ஒன்று சொல்கிறேன்: கெட்டிக்காரனைத்தான் எந்த ஆசிரியருக்கும் பிடிக்கும். பிடித்ததால் அவன் கெட்டிக்காரன் ஆவதில்லை.

பழைய சோக்கட்டி:
ஆவான். உளவியலாளர் ரோசென்தாலும் பள்ளி அதிபர் ஜேக்கப்சனும் கலிஃபோர்னியாவில் ஓர் ஆரம்பப் பள்ளியில் செய்த ஆய்வு 1968இல் வெளிவந்தது. இந்தப் பிள்ளைகள் இந்த வருடம் நன்றாக முன்னேறுவார்கள் என்று ஆசிரியர்களிடம் ஒரு பட்டியலைக் கொடுத்தார்கள். பட்டியலோ குலுக்கிப் போட்டது. அப்படியும் முதலிரண்டு வகுப்புகளில் அந்தப் பிள்ளைகளின் நுண்ணறிவுப் புள்ளி மற்றவர்களைவிடக் கூடுதலாக ஏறியது. அவர்கள் சின்னப் பிள்ளைகள், கம்பஸுக்கு அப்படியே பொருத்த முடியாதுதான். பிறகு அந்த ஆய்வைக் குறை சொன்னவர்களும் உண்டு.

ஆனால் என் கதையைச் சொல்கிறேனே. மணித்தியாலக் கணக்கில் சம்பளம் வாங்கி இரண்டு இடத்தில் படிப்பித்தேன். இரவு பதினொரு மணிக்கு நாற்பது வரைவு முன்னால் கிடக்கும். முகம் நினைவில் இருக்கிற பிள்ளையினதைத்தான் வரிவரியாக வாசித்தேன். மற்றதற்கு நானும் "ஓகே" போட்டிருக்கிறேன். புள்ளியில் ஒருநாளும் கை வைத்ததில்லை. வைக்கத் தேவையும் இருக்கவில்லை.

கணக்குப்பிள்ளை:
குலுக்கல் விஷயம் யோசிக்க வைக்கிறது. ஆனாலும் சி பிளஸுக்கு வேறு காரணமும் இருக்கலாம். அந்த அத்தியாயத்தை அனுப்புங்கள் தங்கச்சி, வாசித்துக் குறிப்புப் போட்டுத் தருகிறேன்.

வெள்ளவத்தைக்காரி:
பெறுபேறு வந்து இரண்டு மாதம் அண்ணா.