கீபேட் பூட்டு பாதியில் நிற்கிறது. புது பேட்டரி போட்டும் ‘லோ பேட்டரி’ காட்டுகிறது (தங்கச்சிமடம்)

தென்கடல் வீடு:
தங்கச்சிமடத்தில் கடலைப் பார்த்த வீடு எங்களுடையது. முன்வாசல் தேக்குக் கதவில், நம்பர் அழுத்தித் திறக்கும் எலக்ட்ரானிக் பூட்டு. நான்கு ஏஏ பேட்டரியில் ஓடுவது. மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று பிடித்ததிலிருந்து தொல்லை. நம்பரை அழுத்தினால் பீப் சத்தம் வருகிறது, பச்சை விளக்கும் எரிகிறது. ஆனால் மோட்டார் ‘கிர்ர்’ என்று இழுத்துப் பாதியிலேயே நின்றுவிடுகிறது. சில நாள் காலையில் விளக்கே வருவதில்லை. வெயில் ஏறினால் தானாக உயிர் வருகிறது. புது பேட்டரி போட்டாலும் சிவப்பு விளக்கு மின்னுகிறது. நேற்று மீன் வாங்க வெளியே வந்த அம்மா, கதவு சாத்திக்கொண்டதால் மத்தியானம்வரை திண்ணையிலேயே இருந்திருக்கிறார். சாவி உள்ளே. கடையில் கேட்டால் உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டு போய்விட்டது, புதுசு வாங்குங்கள் என்கிறார்கள். போர்டுதானா? வேறு என்ன பார்க்கலாம்?

ராம்நாடு தம்பி:
என்ன பேட்டரி அக்கா? சார்ஜ் ஏற்றும் வகை என்றால் ஒன்று 1.2 வோல்ட்தான், நான்கும் சேர்ந்து 4.8. பூட்டு எதிர்பார்ப்பது 6 வோல்ட். அதனால் முழு சார்ஜிலும் ‘லோ’ காட்டும். சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் சாதா பேட்டரியும் மோட்டாரை இழுக்காது.

தென்கடல் வீடு:
இல்லை தம்பி, அல்கலைன்தான். நான்கும் ஒரே பாக்கெட்.

மண்டபம் வாசி:
அம்மாவுக்கு முதலில் ஒரு வழி செய்யுங்கள். கீபேடின் அடிப்பக்கத்தில் சின்னதாக இரண்டு உலோகப் புள்ளிகள் இருக்கிறதா? 9 வோல்ட் சதுர பேட்டரியின் இரண்டு முனையையும் அதில் அழுத்திப் பிடித்தபடி நம்பரைப் போட்டால் திறக்கும். சில மாடலில் புள்ளிக்குப் பதில் யுஎஸ்பி துளை இருக்கும், அதில் பவர் பேங்க் செருகலாம். இருந்தாலும் ஒரு சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வையுங்கள். பூட்டுக்குள் துரு நீக்கும் ஸ்பிரே அடித்துப் பார்த்தீர்களா?

கீழக்கரை பூட்டு வேலை:
ஸ்பிரே வேண்டாம் தங்கச்சி. எண்ணெய் உப்பைக் கரைக்காது, அதன்மேல் படிந்து தூசியைத்தான் பிடிக்கும்.

போர்டு என்று இப்போதே முடிவு கட்டாதீர்கள். பச்சை விளக்கு எரிகிறது என்றால் கீபேடும் போர்டும் நம்பரை ஏற்றுக்கொண்டுவிட்டன. தடுமாறுவது அதற்கு அடுத்த இடம். இரண்டு சோதனை செய்யுங்கள்.

கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பூட்டைப் போட்டுத் திறந்து பாருங்கள். பூட்டிலிருந்து நீளும் நாக்கு முழுசாக வந்து முழுசாக உள்ளே போனால், சாத்தும்போது அது கதவு நிலைச் சட்டத்தில் இடிக்கிறது என்று அர்த்தம்.

அப்புறம் மல்டிமீட்டர். மோட்டார் ஓடும்போதே பேட்டரிகளின் இரு கோடியில் ஒரு அளவும், பேட்டரிப் பெட்டியிலிருந்து போர்டுக்குப் போகும் ஒயரில் ஒரு அளவும் எடுங்கள். சும்மா இருக்கும்போது எடுத்தால் எல்லாம் நன்றாகத்தான் தெரியும். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் ஸ்பிரிங்கில் உப்புக் களிம்பு ஏறியிருக்கிறது. உப்பு ராத்திரி ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், வெயிலில் காயும். உங்களுக்குக் காலையில் மட்டும் செத்துப்போவது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

தென்கடல் வீடு:
செய்தேன் அண்ணா. கதவு திறந்திருந்தால் நாக்கு ஒழுங்காகப் போய் வருகிறது. சாத்தினால்தான் நிற்கிறது. மோட்டார் ஓடும்போது பேட்டரியில் 5.8, ஒயரில் 4.3. பெட்டிக்குள் பித்தளைத் தகட்டில் பச்சையாகவும், ஒரு ஸ்பிரிங் அடியில் வெள்ளைப் பொடியாகவும் இருக்கிறது.

கீழக்கரை பூட்டு வேலை:
அப்படியென்றால் இரண்டு கோளாறும் சேர்ந்திருக்கிறது. நாக்கு இடிப்பதால் மோட்டார் அதிக கரன்ட் கேட்கிறது. களிம்பு அதைக் கொடுக்கவிடுவதில்லை. ஒன்றை மட்டும் சரிசெய்தால் கொஞ்ச நாளில் திரும்ப வரும்.

வெள்ளைப் பொடி பழைய பேட்டரி கசிந்தது. கையுறை போட்டுக்கொண்டு, பேட்டரியை எடுத்துவிட்டு, பஞ்சுக்குச்சியில் வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்டுத் துடையுங்கள். பிறகு டிஸ்டில்டு வாட்டர், கடைசியாக செல்போன் ரிப்பேர் கடையில் கிடைக்கும் ஐபிஏ (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்). போர் தண்ணீர் படவே கூடாது, நம்ம ஊர் தண்ணீரிலேயே உப்பு இருக்கிறது. ஸ்பிரிங்கை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள், மேல்பூச்சு போனால் சீக்கிரம் துருப்பிடிக்கும். நன்றாகக் காய்ந்தபின் எல்லா முனையிலும் சிலிக்கான் கிரீஸ் மெல்லியதாக ஒரு தடவல்.

கதவுக்கு ஆசாரியைக் கூப்பிடுங்கள். மேல் கீல் திருகாணி துருப்பிடித்துக் கதவு தொங்கியிருக்கும். நாக்கு நுனியில் பேனா மை தடவிச் சாத்தினால் எங்கே இடிக்கிறது என்று தெரிந்துவிடும். கதவைத் தூக்கி நிறுத்திய பிறகும் இடித்தால் மட்டும் நிலைத் தகட்டை ராவச் சொல்லுங்கள். திருகாணி 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் கேளுங்கள். சாதாரணமாகக் கிடைக்கும் 304 ரகம் கடலோரத்தில் பழுப்பேறும். பாம்பன் புது ரயில் பாலத்துக்கே துருப்பிடிக்காத எஃகும் பாலிசைலாக்சேன் பூச்சும் தேவைப்பட்டது, நம் கதவுக்கும் அதே காற்றுதான்.

தென்கடல் வீடு:
மேல் கீலில் இரண்டு திருகாணி தலையே இல்லை அண்ணா! மாற்றிச் சுத்தமும் செய்தாயிற்று. ஒயரில் இப்போது 5.7. சாத்திய கதவிலும் நாக்கு சத்தமில்லாமல் போகிறது, சிவப்பு விளக்கு இல்லை. இன்று காலைப் பனியிலும் அம்மாவே திறந்தார். ரொம்ப நன்றி. கதவுக்கு வெளியே இருக்கும் கீபேட் பலகையைச் சுற்றி சிலிக்கான் அடைக்கலாமா?

கீழக்கரை பூட்டு வேலை:
மேலேயும் இரண்டு பக்கமும் அடையுங்கள். அடிப்பக்கத்தைத் திறந்தே விடுங்கள், உள்ளே இறங்கும் ஈரம் வெளியேற வேண்டும். 9 வோல்ட் புள்ளிகள்மேல் சிலிக்கான் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.