ஆச்சி வீடு (குடும்ப வாட்ஸ்அப் குழு): காது விஷயம்

சித்தி: எல்லோரும் கொஞ்சம் படியுங்கள். இன்று அம்மாவை, அதாவது உங்கள் ஆச்சியை, முதியோர் சுகாதார வகுப்புக்குக் கூட்டிப் போயிருந்தேன். சர்க்கரை, பிரஷர், மறதி பற்றி நர்ஸ் ஒருவர் பேசினார். ரொம்ப நல்ல வகுப்பு.

மாமா (துபாய்): மறதிக்கு மாத்திரை ஏதாவது சொன்னார்களா? இங்கே ஒரு கேப்ஸ்யூல் விளம்பரம் வருகிறது, அனுப்பட்டுமா?

சித்தி: வேண்டாம் அண்ணே. நடந்ததைக் கேளுங்கள். "தேங்காய், கதவு, ரயில்" என்று சொல்லி ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். அப்புறம் கடிகாரம் வரையச் சொன்னார்கள். அம்மா எண் எல்லாம் சரியாக எழுதி, பதினொன்று பத்துக்கு முள்ளும் வைத்துவிட்டாள். பிறகு அந்த மூன்றையும் கேட்டால் "தேங்காய், களவு, வெயில்" என்கிறாள். திரும்பக் கேட்டாலும் அதேதான், தடுமாற்றமே இல்லை.

பெரியம்மா: அப்போ மறதிதானே?

சித்தி: அப்படித்தான் பயந்தேன் அக்கா. அந்த நர்ஸ் எதிரே வந்து உட்கார்ந்து, மாஸ்க்கை இறக்கி, வேறு மூன்று சொல் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார். மூன்றும் அப்படியே வந்தது! "முதலில் பாட்டி காதைப் பாருங்கம்மா, மறதியை அப்புறம் பார்க்கலாம்" என்றார்.

அண்ணன்: சரிதான் சித்தி. நாலு பேர் பேசும்போது ஆச்சி வாயே திறப்பதில்லை. தனியாக உட்கார்ந்தால் ஊர்க்கதை எல்லாம் சொல்கிறார்கள்.

மதினி: காது மந்தமானால் அப்படித்தான் ஒதுங்குவார்கள். பாதி கேட்டு மீதியை ஊகிப்பதிலேயே களைத்துப்போவார்கள். 2024-இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம், மறதி நோய்க்கு நம்மால் மாற்றக்கூடிய 14 காரணங்களைச் சொன்னது. காது கேளாமை, சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, கெட்ட கொழுப்பு, பார்வைக் குறைவு, தனிமை எல்லாம் அதில் உண்டு. இவற்றைச் சரியாகக் கவனித்தால் உலக அளவில் 45 சதவீதம் வரை தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அவர்கள் கணக்கு.

பெரியம்மா: இந்த வயதில் காது மிஷின் வைத்து என்ன ஆகப்போகிறது?

மதினி: பலன் உண்டு அத்தை. அமெரிக்காவில் 70 முதல் 84 வயதுக்குள் 977 பேரை 3 ஆண்டுகள் பார்த்தார்கள். ஒரு பிரிவுக்குக் காது மிஷின், இன்னொரு பிரிவுக்கு ஆரோக்கிய வகுப்பு. 2023-இல் முடிவு வந்தது. மொத்தத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் மறதிக்கான அபாயம் ஏற்கெனவே கூடுதலாக இருந்தவர்களில், மிஷின் வைத்தவர்களுக்கு நினைவும் சிந்தனையும் மங்குவது 48 சதவீதம் மெதுவாக இருந்தது. ஆச்சிக்குச் சர்க்கரையும் பிரஷரும் இருக்கிறதே, விடக் கூடாது.

சித்தி: வகுப்பையும் விட மாட்டேன். மாத்திரை அட்டைகளைக் கொண்டுவரச் சொல்லி ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். ஒரு தாத்தா ஒரே பிரஷர் மாத்திரையை இரண்டு கம்பெனி பெயரில் சாப்பிட்டு வந்திருக்கிறார். தூக்க மாத்திரையும், சளிக்கு நாமாக வாங்கும் சில மாத்திரைகளும்கூட வயதானவர்களைக் குழப்பிவிடுமாம். இதையெல்லாம் யார் உட்கார்ந்து சொல்கிறார்கள்?

மாமா (துபாய்): மிஷின் செலவு என் பொறுப்பு. இன்றே ஆர்டர் போடட்டுமா?

மதினி: அவசரம் வேண்டாம் மாமா. முதலில் காதில் குறும்பி அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அப்புறம் எவ்வளவு கேட்கிறது என்று அளக்கும் ஆடியோகிராம். வைட்டமின் பி12, தைராய்டுக்கும் ரத்தம் கொடுத்துவிடலாம், அவை குறைந்தாலும் மறதி வரும். மிஷின் பழகச் சில வாரம் ஆகும். இரைச்சல் என்று கழற்றிப் பெட்டியில் வைத்துவிடுவார்கள், பக்கத்தில் ஒருவர் இருந்து பழக்க வேண்டும்.

அம்மா: திங்கள் காலை நான் ஐகிரவுண்டு பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன்.

சித்தி: சரி அக்கா. இனி வீடியோ காலில் எல்லோரும் சேர்ந்து பேசாதீர்கள். ஒருவர் முடித்ததும் அடுத்தவர், முகம் தெரிகிற மாதிரி. கத்தவும் வேண்டாம், நிதானமாகச் சொன்னால் போதும்.

அம்மா: பழைய மருந்துச் சீட்டெல்லாம் எங்கே?

பெரியம்மா: பீரோ மேல்தட்டில், மஞ்சள் பைக்குள்.