நிதிக் கம்பனி கள உத்தியோகத்தர் நேர்முகம்: மட்டக்களப்புக் கிளையில என்ன கேப்பாங்க?

கேள்வி (களுவாஞ்சிகுடி)
குழுக் கடன் குடுக்கிற ஒரு நிதிக் கம்பனியில அடுத்த கிழமை நேர்முகம். "கணக்குச் சோதினை இருக்கு, ஒரிஜினல் சான்றிதழ் கொண்டு வாங்க" எண்டு மட்டும் வாட்சப்பில போட்டிருக்காங்க. என்ன கணக்கு? ஒரிஜினல வாங்கி வெச்சிருவாங்களா?

பதில் 1
வட்டிக் கணக்குத்தான் தங்கச்சி. ஒரு லட்சம், வருச வட்டி 24%, 12 மாதம், தவணை எவ்வளவு? நிலையான வட்டி (கடைசி மட்டும் முழுக் கடனுக்கும் வட்டி) எண்டா வட்டி 24,000, தவணை 10,333. கட்டக் கட்டக் குறைஞ்சு போற மீதிக்கு மட்டும் வட்டி எண்டா அதே 24 வீதத்துக்குத் தவணை 9,456தான். மொத்த வட்டி 13,500க்குக் கிட்ட வரும். ஆக்கள் பிழை விடுறது இதிலதான், எந்த வட்டி எண்டு கேள்வியில இருக்காது. எழுத முதல் கேட்டுக்கொள்ளுங்க. கல்குலேட்டர் விடாட்டியும் நிலையான வட்டியைக் கையால போடலாம்.

வாய்க் கேள்வியில ஒண்டு கட்டாயம் வரும்: "சென்டரில (குழு கூடித் தவணை கட்டுற இடம்) 12 பேர், 9 பேர் கட்டிட்டாங்க, மூணு பேர் வரல்ல. என்ன செய்வீங்க?" முதல்ல வந்த காசுக்கு ரசீது, பாஸ்புக்கில பதிவு. பிறகு குழுத் தலைவியோட கதைக்கிறது, வராத ஆக்கள்ற வீட்ட போய்க் காரணம் கேக்கிறது, அண்டைக்கே கிளைக்கு அறிவிக்கிறது. இந்த ஒழுங்கத்தான் பாப்பாங்க. சத்தம் போட்டு வாங்குவன் எண்டாலும் போச்சு, கைக்காசப் போட்டு நிரப்புவன் எண்டாலும் போச்சு. ரெண்டாவதை நல்ல மனசு எண்டு எடுக்க மாட்டாங்க. கணக்கு மறைக்கிற ஆள் எண்டுதான் எடுப்பாங்க.

பதில் 2
ஒரிஜினலைக் காட்டுங்கள், பிரதியைக் கொடுங்கள், ஒரிஜினலைக் கையோடு கொண்டு வந்துவிடுங்கள். வைப்புப் பணம் கேட்டால் அந்த இடத்திலேயே எழும்பி வரலாம். கிராம உத்தியோகத்தர் நற்சான்றிதழில் பிரதேச செயலாளரின் மேலொப்பமும் இருக்க வேண்டும். அதற்கு அலைய நேரிடும், இப்போதே தொடங்குங்கள். அடையாள அட்டையிலும் சாதாரண தரச் சான்றிதழிலும் பெயர் வேறு வேறு எழுத்தில் இருந்தால் சமாதான நீதவானிடம் ஒரு சத்தியக்கடதாசி முடித்துக்கொண்டு போங்கள்.

சம்பளத்தைப் பிரித்துக் கேளுங்கள். ஊக்கத்தொகை, பெற்றோல் காசு எல்லாம் கூட்டித்தான் 60,000 என்பார்கள். அடிப்படை 35,000 என்றால், ஊழியர் சேமலாப நிதிக்கு 8% போக, இலக்கு எட்டாத மாதத்தில் கைக்கு வருவது 32,200உம் பெற்றோல் காசும்தான். கம்பனி கட்ட வேண்டிய 12 வீதத்தையும், நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கான 3 வீதத்தையும் உங்கள் சம்பளத்தில் கழிக்க முடியாது. நியமனக் கடிதத்தில் இதைப் பார்க்காமல் கையொப்பம் வைக்காதீர்கள்.

பதில் 3
எந்தப் பக்கம் எண்டும் கேளுங்க. எழுவான்கரையில (வாவிக்குக் கிழக்குப் பக்கம்) சென்டர்கள் கிட்டக் கிட்ட. படுவான்கரை (மேற்குப் பக்கம்) எண்டா வலையிறவுப் பாலத்தாலயோ பட்டிருப்புப் பாலத்தாலயோ ஒவ்வொரு நாளும் கடந்து போய் வரணும், பெற்றோல் காசு அதுக்குக் காணுமா எண்டு கணக்குப் பாருங்க. லைசன்ஸ்ல என்ன வகுப்பு இருக்கு?

கேட்டவர்
ஏ1. ஸ்கூட்டி 110 சிசி.

பதில் 3
அது சரிவராது. ஏ1 எண்டா 100 சிசி வரைக்கும்தான், உங்களுக்கு ஏ வேணும். நேர்முகத்தில லைசன்ஸையும் வாகனப் புத்தகத்தையும் ஒண்டா வெச்சுத்தான் பாப்பாங்க. ஏ வகுப்புச் சேர்க்க விண்ணப்பிச்சிட்டு, அந்தத் துண்டையும் ஃபைலுக்குள்ள வெச்சுக்கொண்டு போங்க.