விடுதிச் சமையலுக்கு விறகு பாய்லர், வாங்கலாமா?

மேலவீதி:
வணக்கம். மன்னார்குடி பக்கம் ஒரு பள்ளி விடுதியில் கணக்கு வழக்குப் பார்க்கிறேன். 240 பிள்ளைகள், மூன்று வேளைச் சாப்பாடு, மார்கழி தையில் குளிக்க வெந்நீர். 19 கிலோ சிலிண்டர் பில் வந்தாலே தாளாளருக்கு முகம் மாறிவிடுகிறது. இந்த நேரம் பார்த்து ஆஸ்திரியாவில் இருக்கும் அவருடைய மைத்துனர், அங்கே பள்ளிக்கூடம் முழுவதையும் விறகு பாய்லரால்தான் சூடாக்குகிறார்கள் என்று போட்டோ அனுப்பிவிட்டார். வகுப்பறையைச் சூடாக்கும் வேலையை நம் ஊரில் சித்திரை வெயிலே இலவசமாகப் பார்த்துக்கொள்கிறது, அது வேண்டாம். ஆனால் சோறு, குழம்பு, வெந்நீர் மூன்றையும் ஒரே பாய்லர் நீராவியில் முடிக்கலாம் என்று ஒரு வியாபாரி பேசிவிட்டுப் போயிருக்கிறார். 25 லிட்டருக்கும் குறைவாகத் தண்ணீர் பிடிக்கிற ‘நான் ஐபிஆர்’ (Non-IBR, அதாவது இந்திய பாய்லர் விதிகளுக்குள் வராத) மாடலாம், லைசென்ஸ் தொல்லை இல்லையாம், எந்த விறகானாலும் போடலாமாம். அந்த ‘எந்த விறகானாலும்’தான் எனக்கு இடிக்கிறது.

உமிச்சாம்பல்:
இடிக்க வேண்டிய இடம்தான் அண்ணே. நான் புழுங்கல் அரிசி மில் பாய்லரில் நிற்பவன். பச்சை விறகில் கிட்டத்தட்ட பாதி எடை தண்ணீர். அந்தத் தண்ணீரை ஆவியாக்கியதுபோக மிச்சம்தான் உங்கள் சோற்றுக்கு. நன்றாகக் காய்ந்தது கிலோவுக்கு 3,300 கிலோ கலோரி அளவில் கொடுக்கும், பச்சை 2,000 தருவதே கஷ்டம். ஒரு 19 கிலோ சிலிண்டருக்கு ஈடு என்றால் காய்ந்த விறகு 60 கிலோவுக்குக் குறையாது, பச்சை 100 கிலோவைத் தாண்டிவிடும். காசு கொடுப்பது எடைக்கு, அதாவது தண்ணீருக்கும் சேர்த்து. அதோடு பச்சையைத் திணித்தால் ட்யூபில் தார் மாதிரி அப்பிக்கொள்ளும், ஒரு வாரத்தில் ஆவி வரத்து குறையும், அப்புறம் பாய்லரைத் திட்டுவீர்கள்.

வண்டியிலிருந்து நாலு கட்டையை உருவி, இரண்டிரண்டாகத் தட்டிப் பாருங்கள். காய்ந்தது ‘டங்’ என்னும், பச்சை ‘தொப்’ என்று விழும். இன்னும் சரியாகப் பார்க்க ஒரு கட்டையை எடை போட்டு, எடையைச் சாக்பீஸால் அதன் மேலேயே எழுதிக் கூரைக்குள் வையுங்கள். பத்து நாளைக்கு ஒருமுறை தராசில் ஏற்றினால் எடை இறங்கிக்கொண்டே வரும். இறங்குவது நின்ற பிறகு எரியுங்கள்.

உமி மலிவு என்று யாராவது சொல்வார்கள். அதில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல்தான். மில்லில் அள்ளிக் கொட்ட இடம் இருக்கிறது, பள்ளிக்கூடத்தில் எங்கே கொட்டுவீர்கள்?

பனிக்காட்டுத் தஞ்சாவூரான்:
நான் ஆஸ்திரியாவில்தான் இருக்கிறேன், அந்த மைத்துனர் சொன்னது உண்மை. ஆனால் போட்டோவில் தெரியாதது ஒன்று உண்டு. இங்கே பெரும்பாலும் ஓடுவது நீராவி இல்லை, 100 டிகிரிக்குக் கீழே நிற்கும் வெந்நீர். பக்கத்திலேயே ஆயிரக்கணக்கான லிட்டர் பிடிக்கும் தொட்டி நிற்கும், அதிகச் சூட்டை அது வாங்கி வைத்துக்கொள்ளும். மரச்சில்லை ஒரே அளவில் நறுக்கித் திருகாணி மாதிரி ஒன்று உள்ளே தள்ளும். அமெரிக்காவின் வெர்மான்ட்டில் 1980களிலிருந்தே பள்ளிகளில் இப்படி எரிக்கிறார்கள். அங்கே ஈரச் சில்லுதான் போடுகிறார்கள், ஆனால் அதற்கென்றே செங்கல் பூசிய பெரிய எரி அறை கட்டியிருக்கிறார்கள். நம் வியாபாரி விற்பதில் அது இருக்காது.

எனக்குப் பயம் வேறு. 25 லிட்டருக்குள் என்றால் பெரும்பாலும் சுருள் குழாய் மாடல், பம்பு தள்ளும் தண்ணீர் குழாய்க்குள் ஓடும்போதே ஆவியாகும். கேஸை மூடினால் தீ நிற்கும், விறகுத் தீ நிற்குமா? கரண்ட் போய் பம்பு நின்றால் குழாயில் தண்ணீர் வற்றிவிடும், அடியில் கங்கு எரிந்துகொண்டேதான் இருக்கும்.

உமிச்சாம்பல்:
அருமையாகச் சொன்னீர்கள் சார். லைசென்ஸ் வேண்டாம் என்பதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது, 1923 சட்டம் போய் 2025இல் புதுச் சட்டம் வந்த பிறகும் 25 லிட்டர் விலக்கு அப்படியே உள்ளது. ஆனால் லைசென்ஸ் இல்லை என்றால் வருடாவருடம் ஆய்வாளர் வந்து பார்ப்பதும் இல்லை, அதை வியாபாரி சொல்ல மாட்டார். தண்ணீரையும் டெஸ்ட் எடுங்கள், சுண்ணாம்பு படியும் கடினத் தண்ணீர் என்றால், அதை மென்மையாக்கும் சாஃப்ட்னர் இல்லாமல் குழாய் அடைத்துக்கொள்ளும்.

கடைத்தெருக் கல்யாணராமன்:
எங்கள் கல்யாண மண்டபத்தில் விறகு பாய்லர் போட்டுவிட்டுக் கழற்றியவன் நான். கஜா புயலில் (2018) விழுந்த தென்னை சும்மா கிடைக்கிறதே என்று வாங்கிப் போட்டோம். நடுத்தண்டு பஞ்சு மாதிரி ஈரம் குடித்துக்கொண்டு கிடந்தது. வந்தது முழுக்கப் புகை. பக்கத்து வீட்டம்மா கொடியில் காய்ந்த வேட்டியைக் கொண்டுவந்து என் மேஜையில் விரித்துக் காட்டினார், ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பிறகு சவுக்கு தேடினால், நல்ல கட்டையைப் பேப்பர் மில் லாரி தோப்பிலேயே ஏற்றிக்கொண்டு போய்விடுகிறது, நமக்குக் கொப்பும் வேரும்தான்.

மேலவீதி:
எல்லாருக்கும் நன்றி. கொட்டகை போட இடம் இருக்கிறது, ஐப்பசி மழையை நினைத்தால்தான் யோசனை. கருவை விறகு காயப்போட்டால் எத்தனை மாதம் பிடிக்கும்?

உமிச்சாம்பல்:
பிளந்து, அடியில் செங்கல் வைத்து, காற்று போக இடம் விட்டு அடுக்கினால் தை மாதம் வெட்டியது ஆடிக்குத் தயார். பிளக்காமல் உருளையாகப் போட்டால் என்னைக் கேட்காதீர்கள். முதலில் வெந்நீருக்கு மட்டும் மூடி திறந்த சாதா விறகுக் கொதிகலன் ஒன்றை வைத்து ஒரு மழைக்காலம் ஓட்டிப் பாருங்கள். சோற்றுக்கு சிலிண்டர் இருக்கட்டும்.