கலைச்சொல் தேவை: 'எக்ஸ்பாசிட்டரி' பிரசங்கம் (அவசரம்)

பாளைப் போதகர்:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். உபதேசியார்மாருக்கான பிரசங்கக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். 'டாபிக்கல்' என்பதற்குப் பொருள்வாரிப் பிரசங்கம் என்று போட்டாயிற்று, அதில் சண்டை இல்லை. 'எக்ஸ்பாசிட்டரி'யில்தான் மாட்டிக்கொண்டேன். ஒரு வேதபகுதியை எடுத்தால் பிரசங்கத்தின் மையக்கருத்தும் தலைப்புகளும் அந்தப் பகுதிக்குள்ளிருந்தே வர வேண்டும், அந்த வகை. பழைய ஆட்கள் வியாக்கியானப் பிரசங்கம் என்பார்கள். வகுப்பில் சொன்னால் பையன்கள் சிரிக்கிறார்கள், வீட்டில் "வியாக்கியானம் பேசாதே" என்று திட்டு வாங்கிய சொல்லாயிற்றே.

புலவர்:
ஐயா, முதலில் 'பிரசங்கம்' எதற்கு? அதிகப்பிரசங்கி என்ற வசை ஒன்று போதாதா? 1995 திருவிவிலியத்தில் 'பிரசங்கி' நூலையே 'சபை உரையாளர்' ஆக்கிவிட்டார்கள். நன்னூல் பாயிரத்தைப் பாருங்கள். உரை இரண்டு வகை. கருத்து, பதப்பொருள், காட்டு (உதாரணம்), வினா, விடை ஐந்தோடு நிற்பது காண்டிகை. அதற்கும் மேலே போய், அந்த இடத்துக்கு 'இன்றியமையா யாவையும்' தன்னுரையாலும் பிறநூலாலும் ஐயம் அகலச் சொல்வது விருத்தி. உங்கள் கையேடு இதற்கு மேல் என்ன சொல்லிவிடப் போகிறது? 'விருத்தியுரை' என்று போடுங்கள்.

தஞ்சை அக்கா:
புலவர் ஐயா, பிரசங்கத்தைத் துரத்திவிட்டு விருத்தியைக் கூட்டி வருகிறீர்களே, அதுவும் வடசொல்தானே. போதாததற்கு, ஞாயிற்றுக்கிழமை "இன்றைக்கு விருத்தியுரை" என்று அறிவித்தால் சனங்கள் வியாபார விருத்திக்கு ஜெபம் என்று நினைத்து வந்து உட்காருவார்கள்.

பெங்களூர் தம்பி:
எனக்கு வேறொன்று தோன்றுகிறது. வடமொழியில் பிரசங்கம் என்றால் தொடர்பு, சந்தர்ப்பம். இந்தியில் 'பிரசங்க்' இன்றைக்கும் சந்தர்ப்பம்தான். ஆக, வசனத்தின் சந்தர்ப்பத்தை விடாமல் பேசுவதுதான் பிரசங்கம், மற்றதெல்லாம் வெறும் பேச்சு. 'எக்ஸ்பாசிட்டரி பிரசங்கம்' என்பதே கூறியது கூறல்!

தஞ்சை அக்கா:
அழகாய் இருக்கிறது தம்பி. வெள்ளிக்கிழமைக்கு ஆகாது.

திருச்சி ஃபாதர்:
எங்கள் கத்தோலிக்கர் பக்கம் பிரசங்கத்துக்கு மறையுரை என்பது நிலைத்துவிட்ட சொல். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு ஞாயிறு வாசகங்கள் மூன்றாண்டுச் சுற்றில் வருகின்றன, பேசுவதும் அன்றைய வாசகத்தை ஒட்டியே இருக்க வேண்டும். போதகர் கேட்பது கிட்டத்தட்ட இதுதான். (முறைப்படி சொல்கிறேன். நற்செய்தியில் ஒரு வரி, அப்புறம் வாட்ஸப்பில் வந்த கதை என்று முடிக்கிறவர்களும் எங்களில் உண்டு.)

பாளைப் போதகர்:
ஃபாதர், எங்கள் கிராமத்துச் சபைகளில் வேதம் என்றால்தான் புரியும், மறை புழக்கத்தில் இல்லை. நான் ஏன் அடம்பிடிக்கிறேன் என்றால், போன வகுப்பில் ஒருவர் 1 சாமுவேல் 17, தாவீது கோலியாத்தைக் கவண்கல்லால் வீழ்த்துகிற பகுதியை எடுத்தார். தாவீதின் ஐந்து கூழாங்கல்லுக்கும் பேர் வைத்துவிட்டார்: விசுவாசம், ஜெபம், உபவாசம், துதி, காணிக்கை. காணிக்கைக் கல்லில்தான் ரொம்ப நேரம் நின்றார். நாற்பதாம் வசனத்தில் கல் இருக்கிறது, பேர் எங்கே இருக்கிறது? எறிந்ததும் ஒரே கல். 47-ஆம் வசனத்தில் தாவீதே "யுத்தம் கர்த்தருடையது" என்று பகுதியின் சாரத்தைச் சொல்லிவிடுகிறான். அந்த வசனத்தை அவர் வாசிக்கவே இல்லை! அவரும் வேதத்திலிருந்துதான் பேசினேன் என்கிறார். இந்த வித்தியாசம் பேரிலேயே தெரிய வேண்டும்.

ஸ்ரீரங்கத்து நண்பர்:
வெளி ஆள் நுழைவதற்கு மன்னிக்கவும். வியாக்கியானத்தைப் பார்த்துச் சிரிக்கிற பையன்களுக்கு ஈட்டைக் காட்டுங்கள். நம்பிள்ளை திருவாய்மொழிக்கு வாயால் சொன்னதை வடக்குத் திருவீதிப் பிள்ளை ஏடுபடுத்தியதுதான் ஈடு முப்பத்தாறாயிரப்படி. பாசுரத்தைத் தொடுவதற்கு முன்னால் அவதாரிகை வரும், முந்திய பாசுரத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு, ஆழ்வார் ஏன் இப்போது இதைச் சொல்கிறார் என்று. அந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் கல்லுக்குப் பேர் வைக்கத் தோன்றாது.

பெங்களூர் தம்பி:
படி என்றால் 32 எழுத்து கொண்ட கிரந்தம்தானே? அப்படியானால் 11,52,000 எழுத்து. ஒற்றெழுத்தையும் கணக்கில் சேர்ப்பார்களா?

ஸ்ரீரங்கத்து நண்பர்:
சேர்க்க மாட்டார்கள். தனி இழை தொடங்குங்கள், விரிவாகப் பேசலாம்.

தஞ்சை அக்கா:
அவதாரிகை விஷயம் கையேட்டிலேயே ஒரு பத்தியாகச் சேர வேண்டியது. சொல்லுக்கு வருகிறேன். நெகேமியா 8:8: "தீர்க்கமாக வாசித்து, அர்த்தஞ்சொல்லி, வாசித்ததை அவர்களுக்கு விளங்கப்பண்ணினார்கள்." வேலை மூன்றும் வரிசையாக இருக்கிறது. 'விளக்கப் பிரசங்கம்' போதுமே.

பெங்களூர் தம்பி:
கல் ஐந்துக்கும் அவர் சொன்னதும் விளக்கம்தானே அக்கா?

பாளைப் போதகர்:
அதேதான் எனக்கும் இடிக்கிறது. 'பகுதிவழிப் பிரசங்கம்' என்று போடட்டுமா? பொருள்வாரி, பகுதிவழி என்று பக்கத்தில் பக்கத்தில் நின்றால் உபதேசியாருக்கு வித்தியாசம் புரியும். பகுதி எந்த வழியாகப் போகிறதோ அந்த வழி.

தஞ்சை அக்கா:
சரி. எனக்குச் சம்மதம்.

திருச்சி ஃபாதர்:
உங்கள் கையேடு, உங்கள் சபை. எதிர்ப்பு இல்லை.

பெங்களூர் தம்பி:
சம்மதம். பிரசங்கம் தப்பியது!

புலவர்:
எனக்குச் சம்மதம் இல்லை, அதையும் குறித்துக்கொள்ளுங்கள். பகுதி என்றால் இலக்கணம் படித்தவனுக்கு விகுதிதான் ஞாபகம் வரும், அது போகட்டும். ஒரு அதிகாரம் முழுவதையும் வாசித்துவிட்டுத் தன் மனத்தில் உள்ளதையே பேசுகிறவரும் நாளைக்கு "நான் பகுதிவழி பேசினேன்" என்பார், அவரை எந்தச் சொல்லால் மறுப்பீர்கள்? விருத்தி வேண்டாமென்றால் 'உட்பொருளுரை' என்று போடுங்கள். விருத்தியின் இலக்கணத்தைச் 'சூத்திரத்து உட்பொருள்' என்றுதானே நன்னூலாரும் தொடங்குகிறார். அடுத்த பதிப்பு வருமல்லவா, அப்போது பேசிக்கொள்ளலாம்.