மொன்டானா தாத்தாவைப் பற்றி எழுத எங்கிருந்து தொடங்குவது?

என் கணவரின் தாத்தா 1913-ல் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் ஹோம்ஸ்டெட் நிலம் (குடியிருந்து பயிரிட்டால் சொந்தமாகும் அரசு நிலம்) எடுத்தவர். 1917-க்கு அப்புறம் வறட்சியில் அக்கம்பக்கத்தார் ஒவ்வொருவராகக் கிளம்பிவிட, இவர் கவுன்ட்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) சாலை வேலைக்குப் போய் நிலத்தைக் காப்பாற்றினார். நான் கல்யாணமாகிப் போனபோது அவருக்கு எண்பதுக்கு மேல். சாப்பிட்டதும் மேசையில் சிந்திய ரொட்டித் துணுக்குகளைக் கத்தியின் முதுகால் நேர்கோடாக ஒதுக்குவார். சாலையில் பனி ஒதுக்கிய கை! பேச்சுதான் குறைவு. பேரப்பிள்ளைகளுக்காக எழுத ஆசை, வீட்டிலோ ஒரு காகிதமும் இல்லை. எங்கே தேடுவது?

பதில் 1:
அமெரிக்க நில மேலாண்மைத் துறையின் இணையதளத்தில் பெயரும் மாநிலமும் கொடுங்கள், பட்டாவின் படம் இலவசமாகக் கிடைக்கும். ஆனால் புதையல் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கும் நிலக் கோப்புதான். என்ன வீடு கட்டினார், எத்தனை ஏக்கர் உழுதார் என்று அவரே சொன்ன வாக்குமூலம், கூடவே சாட்சிகள் சொன்னது.

பதில் 2:
பழக்கதோஷத்தில் 160 ஏக்கர் என்று எழுதிவிடாதீர்கள். அது 1862 ஹோம்ஸ்டெட் சட்டம். 1909 சட்டப்படி வறண்ட நிலத்தில் 320 வரை எடுக்கலாம். குடியிருக்க வேண்டிய ஐந்து வருடமும் 1912-ல் மூன்றானது. அவர் பார்த்த சாலை வேலை பற்றித் தெரிய, கவுன்ட்டி கமிஷனர்களின் பழைய கூட்டக் குறிப்பேடுகளைக் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
கோப்பு வந்துவிட்டது, நன்றி! 12-க்கு 14 அடி வீடு, ஒரு ஜன்னல். நாத்தனார் இரண்டு ஜன்னல் என்று அடித்துச் சொல்கிறார். சரி, இரண்டையும் எழுதிவிடுகிறேன்.