அஞ்சு கட்டையில் ஓர் உறுமல்

குழு: பெரிய வீடு

சனி, காலை 9:14

நான்: (படம்)

நான்: பெட்டி முடிந்தது. கிடார் ஆம்பிளிஃபயர், முழுக்க வால்வு, பழைய ரேடியோவில் இருக்குமே அந்தக் கண்ணாடிக் குழல். இன்னும் கரண்ட் கொடுக்கவில்லை.

அம்மா: படத்தில் இடது ஓரம் பாருங்கள். அது என் இட்லித் தட்டு. குழிக்கு ஒரு வகை ஸ்க்ரூ போட்டு வைத்திருக்கிறான்.

விக்கி: மச்சி, மூன்று மாசமாக இதுவா? உள்ளங்கை அளவு பெடல் ஒன்று வாங்கினால் ஐம்பது ஆம்பிளிஃபயர் சத்தம் அதற்குள்ளேயே இருக்கிறதே.

நான்: அந்தப் பெடலில் ‘ட்வீட் சாம்ப்’ என்று ஒன்றை வைத்துக்கொண்டு சலிக்காமல் வாசிக்கிறாயே, அதன் அசல் இது. ஃபெண்டர் சாம்ப், 5எஃப்1 சர்க்யூட். 1950களில் கிடார் பழகுகிறவர்களுக்காக விற்ற சின்னப் பெட்டி. மூன்றே வால்வு, ஒரே ஒரு கண்ட்ரோல், 8 அங்குல ஸ்பீக்கர், சுமார் 5 வாட்.

பெரியப்பா: என்ன வால்வு?

நான்: 12ஏஎக்ஸ்7 ஒன்று, 6வி6 ஒன்று, ஏசியை டிசி ஆக்கும் ரெக்டிஃபயருக்கு 5ஒய்3 பெரியப்பா.

பெரியப்பா: 12ஏஎக்ஸ்7 என்பது நம்ம ஈசிசி83. 6வி6 எத்தனையோ ரேடியோவில் ஸ்பீக்கரை ஓட்டிய வால்வு. அப்படியென்றால் நீ செய்திருப்பது டியூனிங் பக்கத்தைக் கழற்றிவிட்ட ரேடியோ. இதற்கா விக்கி இவ்வளவு ஆச்சரியப்படுகிறான்?

விக்கி: மாமா, நான் ஆச்சரியப்படவில்லை. கிண்டல் செய்தேன்.

பெரியப்பா: எச்.டி., வால்வுக்குப் போகும் ஹை டென்ஷன், எவ்வளவு வரும்?

நான்: டிரான்ஸ்ஃபார்மர் 325-0-325. ஓடும்போது 340 பக்கம் நிற்க வேண்டும்.

அம்மா: 340 வோல்ட்டா? வீட்டுக்கு வருவதே 230 தானே?

பெரியப்பா: ஆமாம்மா. அதுவும் டிசி. ப்ளக்கைப் பிடுங்கினாலும் கண்டன்சருக்குள் உட்கார்ந்திருக்கும். ரேடியோ ரிப்பேர்க் கடை போட்ட புதிதில் ‘அதுதான் நிறுத்தியாச்சே’ என்று ஒரு சேசிஸுக்குள் கையை விட்டேன். ஸ்டூலோடு போய் அலமாரியில் விழுந்தேன். அன்றிலிருந்து இடது கை எப்போதும் வேட்டி மடிப்பில்தான் இருக்கும்.

அம்மா: கேட்டுக்கொள்ளடா.

நான்: மிச்சக் கரண்டை வடித்துவிட பிளீடர் ரெசிஸ்டன்ஸ் போட்டிருக்கிறேன் பெரியப்பா. எச்.டி.க்கும் எர்த்துக்கும் நடுவில் 220 கிலோ ஓம். நிறுத்தினால் அரை நிமிஷத்தில் இறங்கிவிடும்.

பெரியப்பா: இறங்கிவிடும் என்று நீ சொல்லாதே, மீட்டர் சொல்லட்டும். பிளீடரின் ஒரு கால் சரியாக ஈயம் பிடிக்காவிட்டால் அது இருந்தும் இல்லாததுபோல. சேசிஸில் மூன்றாவது பின் எர்த் இருக்கிறதா?

நான்: முதல் வேலையே அதுதான்.

பெரியப்பா: நல்லது. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எங்கே கிடைத்தது?

நான்: ரிச்சி ஸ்ட்ரீட்டில் தேடினேன், இந்த அளவில் கிடைக்கவில்லை. காயில் கட்டுகிற ஒருவரிடம் சொல்லிக் கட்டி வாங்கினேன்.

பெரியப்பா: ஸ்டாம்பிங்கை, அந்த இரும்புத் தகடுகளை, எப்படி அடுக்கியிருக்கிறார்? ‘ஈ’ எல்லாம் ஒரு பக்கம், ‘ஐ’ எல்லாம் ஒரு பக்கம் வைத்து நடுவில் காகிதம் கொடுத்தாரா? இல்லை, மாற்றி மாற்றிக் கோத்தாரா?

நான்: (படம்)

பெரியப்பா: மாற்றி மாற்றிக் கோத்திருக்கிறார். அது வீட்டுக் கரண்ட் வாங்கும் டிரான்ஸ்ஃபார்மருக்குச் சரி. உனக்கு ஒற்றை வால்வு. அதன் வழியாக 40 மில்லி ஆம்பியர் டிசி எந்நேரமும் ஒரே திசையில் ஓடும். இடைவெளி இல்லையென்றால் பாட்டு வருவதற்கு முன்பே இரும்புக்கு வயிறு நிரம்பிவிடும். கிடாரின் தடித்த கம்பியைத் தட்டினால் சத்தம் தகர டப்பா மாதிரி வரும்.

நான்: அவர் மேல் தப்பில்லை. நான்தான் அதைச் சொல்லவே இல்லை.

பெரியப்பா: கழற்றி அடுக்கு. காகிதம் மெல்லியதாகப் போதும், நோட்டுப் புத்தகத் தாள் இரண்டு வை. அடுக்கி முடித்ததும் இறுக்கிக் கட்டு, இல்லாவிட்டால் அதுவே பாடும்.

இரவு 11:40

அம்மா: கூடத்தில் இரும்புத் தகடாக இறைந்து கிடக்கிறது. காலை வைக்க இடமில்லை. மாமா, நீங்கள் அனுப்பும் ஒரு வரிக்கு இங்கே ஒரு நாள் வேலை.

ஞாயிறு, காலை 10:05

நான்: இன்றைக்கு கரண்ட். ஷார்ட் இருந்தால் தெரிய, சீரீஸில் 60 வாட் குண்டு பல்பு மாட்டிவிட்டேன்.

பெரியப்பா: ஸ்பீக்கர் மாட்டியிருக்கிறதா? பார்த்துவிட்டுச் சொல். ஸ்பீக்கர் இல்லாமல் ஓட்டி அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரைப் பொசுக்கியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். போக இடமில்லாத சக்தி பிரைமரியிலேயே ஏறிக்கொண்டு உள்ளே பொறி தட்டும்.

நான்: மாட்டியிருக்கிறது.

நான்: பல்பு ஒரு நொடி பளிச்சென்று எரிந்து மங்கிவிட்டது!

பெரியப்பா: ஷார்ட் இல்லை. பல்பை எடுத்துவிட்டு நேராகக் கொடு.

காலை 10:21

நான்: (குரல் பதிவு)

விக்கி: என்ன அது, ஆம்புலன்ஸா?

அம்மா: கீழ் வீட்டுக்காரர் மேலே வந்து ‘மிக்ஸி மாட்டிக்கொண்டதா’ என்று கேட்டுவிட்டுப் போகிறார்.

பெரியப்பா: பயப்படாதே. ஸ்பீக்கரிலிருந்து ஈசிசி83க்கு ஒரு ரெசிஸ்டன்ஸ் வழியாகத் திருப்பி அனுப்புகிறாயே, அந்த ஃபீட்பேக். அது அடக்க வேண்டும், உன்னுடையது தூண்டிவிடுகிறது. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து 6வி6 பிளேட்டுக்குப் போகும் வயரையும் எச்.டி.க்குப் போகும் வயரையும் இடம் மாற்று. அதற்கு முன்...

நான்: மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டேன் பெரியப்பா. 2 வோல்ட்.

பெரியப்பா: நல்ல பிள்ளை.

காலை 11:02

நான்: ஊளை போயே போச்சு. கிடார் சத்தம் வருகிறது. ஆனால் பின்னாலேயே ஒரு ஹம்.

அம்மா: ஹம்மா அது? பெரிய வண்டு.

நான்: கண்ட்ரோலைக் குறைத்தாலும் கூட்டினாலும் அதே அளவு. ஈசிசி83ஐப் பிடுங்கிப் பார்த்தேன், அப்போதும் இருக்கிறது. வால்வைச் சூடாக்கும் ஹீட்டர் வயரை நன்றாக முறுக்கித்தான் போட்டேன், 100 ஓம் இரண்டு வைத்து நடுவை எர்த் செய்திருக்கிறேன். (குரல் பதிவு)

அத்தை: நான் சொல்லலாமா? ஹெட்போன் போட்டுக் கேட்டேன். அதன் சுருதி அஞ்சு கட்டை. கொஞ்சம் தூக்கல்.

விக்கி: அம்மா, இது பாட்டு வகுப்பு இல்லை.

நான்: இரு விக்கி. அத்தை, எந்த ஸ்தாயி? இது முக்கியம்.

அத்தை: தம்புராவோடு வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். எனக்கு அஞ்சு கட்டை. என் சட்ஜத்துக்குச் சரியாக ஒரு ஸ்தாயி கீழே, மந்தர சட்ஜம். அதற்கும் கீழே போகவில்லை.

நான்: அத்தை, நீங்கள் ஒரு மீட்டர்!!

அத்தை: என்ன சொல்லிவிட்டேன் இப்போது?

நான்: மந்தர அஞ்சு கட்டை என்றால் 98 ஹெர்ட்ஸ். கொஞ்சம் தூக்கல் என்றீர்கள், அப்படியானால் 100. வீட்டுக் கரண்ட் 50. ரெக்டிஃபயர் இரண்டு அரைகளையும் ஒரே பக்கம் மடித்துவிடுவதால் எச்.டி.யில் மிஞ்சும் அலை 100ஆக இருக்கும். ஹீட்டரிலிருந்து வந்தால் 50தான், உங்கள் கணக்கில் அனுமந்தரம்.

பெரியப்பா: கீதா சொன்னது சரி. இது எச்.டி. பக்கம். நாற்பது வருஷம் காதால் குத்துமதிப்பாகச் சொன்னேன். தங்கையைக் கடையில் உட்கார வைத்திருக்கலாம். தம்பி, எச்.டி. எத்தனை காட்டுகிறது?

நான்: 298.

பெரியப்பா: 340 வர வேண்டியது. முதல் கண்டன்சருக்குச் சத்து இல்லை. சாம்பில் 6வி6 பிளேட்டுக்கு அந்த முதல் கண்டன்சரிலிருந்தே எச்.டி. போகும், நடுவில் வடிகட்ட வேறொன்றும் கிடையாது. இரட்டை வால்வு என்றால் ஹம்மில் பெரும்பகுதி ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். ஒற்றைக்கு அந்த வசதி இல்லை. கண்டன்சர் புதிதுதானே?

நான்: (இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

பெரியப்பா: புதிதுதானே?

நான்: இல்லை. தாத்தா ரேடியோவில் இருந்தது. அந்த அலுமினியக் குழாய். பரணில் சும்மா கிடந்தது. அதிலிருந்து ஏதாவது ஒன்று இந்தப் பெட்டியில் இருக்கட்டும் என்று...

அத்தை: அப்பா ரேடியோவையா பிரித்தாய்? யாரைக் கேட்டு?

அத்தை: மார்கழியில் அதன் முன்னால் உட்கார்ந்துதான் நான் பாட்டே கற்றுக்கொண்டேன். நான் இல்லாதபோது எதை வேண்டுமானாலும் திறக்கலாம், அப்படித்தானே அண்ணி?

அம்மா: எனக்குச் சத்தியமாகத் தெரியாது கீதா. இட்லித் தட்டு ஒன்றுதான் என் கண்ணில் பட்டது.

மாலை 6:30

பெரியப்பா: கீதா, கோபப்படாதே. அந்த ரேடியோவில் கண்டன்சரை நானே இரண்டு முறை மாற்றியிருக்கிறேன். அவன் கழற்றியது அப்பா வாங்கியபோது இருந்தது இல்லை. தம்பி, குழாயின் அடியைப் பார். ஆணியால் வருஷம் கீறியிருப்பேன்.

நான்: (படம்)

நான்: ‘78’ என்று இருக்கிறது.

பெரியப்பா: என் கையெழுத்துதான். ரேடியோவுக்குத் தபால் ஆபீசில் லைசென்ஸ் கட்டிக்கொண்டிருந்த காலம். அத்தனை வருஷம் சும்மா கிடந்தால் உள்ளே இருக்கும் ஈரம் காய்ந்துவிடும். இருக்கிறதிலேயே சீக்கிரம் சாகிற சாமானைப் பார்த்து நினைவுச் சின்னமாக எடுத்திருக்கிறாய். வால்வை எடுத்திருந்தாலாவது பாடியிருக்கும்.

அத்தை: வால்வையும் எடுக்கச் சொல்லிக் கொடுக்கிறீர்களா அண்ணா?

பெரியப்பா: வாய் தவறிவிட்டது.

பெரியப்பா: புதுசு 22 மைக்ரோ ஃபாரட் வாங்கு. ஹம் போக வேண்டும் என்று 100 போட்டுவிடாதே, 5ஒய்3 தாங்காது. வோல்ட்டேஜ் 450 போதாது, 500 கேள். 5ஒய்3 உடனே சூடாகிவிடும், 6வி6 மெதுவாகத்தான் இழுக்க ஆரம்பிக்கும். அந்த இடைவேளையில் எச்.டி. 450க்கு மேல் ஏறி நிற்கும்.

திங்கள், இரவு 8:50

நான்: நான் போன கடையில் 500 வோல்ட் இல்லை. 47 மைக்ரோ ஃபாரட், 350 வோல்ட் இரண்டை சீரீஸில் போட்டு, ஒவ்வொன்றின் குறுக்கிலும் 220 கிலோ ஓம் வைத்தேன். மொத்தம் 23.5.

பெரியப்பா: அது இன்னும் நல்லது. பிளீடர் வேலையும் அதிலேயே முடிந்துவிடும்.

நான்: எச்.டி. 345. வண்டு செத்துவிட்டது. ஸ்பீக்கரில் காதை ஒட்டினால்தான் ஏதோ கேட்கிறது.

பெரியப்பா: 6வி6 கேத்தோடில் எவ்வளவு?

நான்: 20.5 வோல்ட். ரெசிஸ்டன்ஸ் 470 ஓம். அப்படியென்றால் 43, 44 மில்லி ஆம்பியர்.

பெரியப்பா: ஸ்க்ரீனுக்கு இரண்டு, மூன்றைக் கழி. 41 என்று வை. பிளேட்டுக்கும் கேத்தோடுக்கும் நடுவில் 325 வோல்ட். பெருக்கு.

நான்: 13.3 வாட். பழைய டேட்டா ஷீட்டில் 6வி6க்கு 12தானே?

பெரியப்பா: அதனால்தான் கேட்டேன். ஓடும், ஆனால் சீக்கிரம் தேயும். 560 ஓம் போடு.

விக்கி: மாமா, 13 வாட் சாப்பிட்டு 5 வாட்தான் தருமா?

பெரியப்பா: மீதி சூடு. கிடார் வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும் அவ்வளவையும் அது சாப்பிட்டுக்கொண்டே இருக்கும். என் கடையில் மழைக்காலத்தில் பூனை ரேடியோவின் மேலேதான் படுத்திருக்கும்.

புதன், இரவு 7:15

விக்கி: (வீடியோ)

விக்கி: நேரில் வந்து வாசித்தேன். ஒத்துக்கொள்கிறேன், ஆனால் ஒரே ஒரு முறைதான் சொல்வேன். மெல்லத் தட்டினால் மணி மாதிரி, அழுத்தித் தட்டினால் கரகரவென்று உடைகிறது. கண்ட்ரோலைத் தொடவே வேண்டாம், எல்லாம் விரலிலேயே இருக்கிறது. என் பெடலில் அந்த நடுப்பகுதி இவ்வளவு நன்றாக வந்ததில்லை.

நான்: படம் எடுத்துவைத்திருக்கிறேன். நீக்கினாலும் இருக்கும்.

அம்மா: 5 வாட் என்றார்கள். கீழ் வீட்டுக்காரர் மறுபடியும் வந்துவிட்டார்.

அத்தை: வீடியோ பார்த்தேன். அஞ்சு கட்டை இல்லாமல் வீடே வெறிச்சென்று இருக்குமே.

நான்: அத்தை, ரேடியோ விஷயத்துக்கு மன்னித்துக்கொள்ளுங்கள். கேட்டிருக்க வேண்டும்.

அத்தை: சரி. அதைப் பாட வைத்துக் கொடு, அப்புறம் பார்க்கலாம்.

பெரியப்பா: அந்தப் பழைய குழாயைத் தூக்கிப் போட்டுவிடாதே. அடியை வெட்டி, உள்ளே இருப்பதை வழித்து எடுத்துவிட்டு, புதுக் கண்டன்சரை அதற்குள் வைத்து மூடி ரேடியோவிலேயே திரும்ப மாட்டலாம். மேலிருந்து பார்த்தால் பழசுபோலவே இருக்கும். வெட்டுவதை மட்டும் நான் செய்கிறேன். வெள்ளிக்கிழமை சோழனில் கிளம்பி வருகிறேன்.

அத்தை: நானும் அதே வண்டிதான் அண்ணா. திருச்சியிலேயே ஏறி இடம் போட்டு வைக்கிறேன். கும்பகோணத்தில் எந்தப் பெட்டியில் ஏற வேண்டும் என்று ஃபோனில் சொல்கிறேன்.

பெரியப்பா: அந்த ‘78’க்குக் கீழே புது வருஷத்தையும் கீறிவிடலாம். தம்பி, ஆணி இருக்கிறதா?

அம்மா: இட்லித் தட்டில் மூன்றாவது குழியில் இருக்கிறது மாமா.